மருந்தின்றி மறைந்த கட்டி

 

மஃரிப் தொழுகை முடிந்து பள்ளிவாசலை விட்டு வெளியே வரும்போது, படிக்கட்டின் அருகே தண்ணீர்ப் புட்டியுடன் இரண்டொருவர் காத்து நிற்பது எங்கள் ஊரில் அன்றாடக் காட்சி. குழந்தைக்குக் காய்ச்சல் என்பார் ஒருவர். மனைவிக்குத் தலைச்சுற்றல் என்பார் மற்றொருவர். சூரத்துல் ஃபாத்திஹாவை ஓதி ஊதிக் கொடுப்பேன். பெரம்பலூர் வட்டாரத்தில் இருபது ஆண்டுகளாக மதரஸாவில் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதக் கற்பித்து வரும் எனக்கு, இது பெரியவர்கள் வழியாக வந்த பழக்கம்.

ஆனால் 2019-ஆம் ஆண்டுக்குப் பின் அந்தப் படிக்கட்டில் கூட்டம் பெருகிற்று. சிறுவாச்சூரிலிருந்தும் குன்னத்திலிருந்தும், முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள அரியலூரிலிருந்தும்கூட மக்கள் வரலாயினர். காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் அவர்கள் வரவில்லை. புற்றுநோய்க்கு ஓதிப் பார்க்க வந்தனர். அதற்குக் காரணமான நிகழ்ச்சியையும், அதில் நான் செய்த தவற்றையும் இன்று உங்கள் முன் வைக்கிறேன். தவற்றை மறைத்துக்கொண்டு பிள்ளைகளுக்கு உண்மை பேசக் கற்பிப்பது எப்படி?

2018-ஆம் ஆண்டு ரமளான் மாதம். பெரம்பலூரில் சின்ன வெங்காய வியாபாரம் செய்யும் என் தாய்மாமா, ஒளூச் செய்யும்போது கழுத்தைத் தடவியவர், அங்கே சுண்டைக்காய் அளவில் உருண்டைகள் இருப்பதை உணர்ந்தார். வலி இல்லை. "நெறி கட்டியிருக்கிறது, தானே வடியும்" என்று பெருநாள் வரை பொறுத்தார். பெருநாள் கழிந்தும் வடியவில்லை, அக்குளிலும் தென்பட்டது. திருச்சிக்கு அழைத்துச் சென்றோம். நம் நாட்டில் கழுத்தில் நெறி கட்டினால் காசநோயாகவும் இருக்கலாம். ஆகவே மருத்துவர் தொட்டுப் பார்த்ததோடு நில்லாமல், ஒரு நெறியை முழுமையாக அறுத்தெடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்தது. "லிம்போமா" என்றார். நிணநீர்ச் சுரப்பிகளில் தோன்றும் புற்றுநோய். அதில் 'ஃபாலிகுலர்' எனும் மெதுவாக வளரும் வகை.

அதைவிட எங்களைத் திகைக்க வைத்தது அவருடைய அடுத்த சொல். "இப்போதைக்கு மருந்து எதுவும் வேண்டாம். மூன்று மாதத்திற்கு ஒரு முறை வந்து காட்டுங்கள்" என்றார். புற்றுநோய் என்கிறார், மருந்தும் வேண்டாம் என்கிறார்! மருத்துவர் கைவிரித்துவிட்டார் என்றே குடும்பத்தார் எண்ணினர். என் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இனி அல்லாஹ்தான். நீ ஓதிக் கொடு" என்றார். அன்று முதல் நாள்தோறும் சுப்ஹுக்குப் பின் மாமாவுக்காகத் தண்ணீர் ஓதிக் கொடுத்தேன்.

அவ்வாண்டு மழைக்காலத்தில் மாமாவுக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. பத்து நாட்கள் படுத்துவிட்டார். காய்ச்சல் நீங்கி எழுந்த பின், சில வாரங்களில் கழுத்து உருண்டைகள் சிறுத்ததுபோலத் தோன்றின. அடுத்த முறை சோதித்த மருத்துவர் புருவத்தை உயர்த்தினார். 2019-ஆம் ஆண்டின் இறுதியில் எடுத்த ஸ்கேனில் கட்டிகள் எதுவும் புலப்படவில்லை. ஒரு மாத்திரைகூட விழுங்காமல் புற்று மறைந்தது! அல்ஹம்துலில்லாஹ்!

செய்தி ஊரெங்கும் பரவிற்று. "ஹஜ்ரத் ஓதிய தண்ணீரில் புற்று கரைந்தது" என்று தேநீர்க் கடையில் பேசினார்கள். என்னிடம் நேரில் கேட்டவர்களுக்கு, "எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம்" என்று சொல்லிச் சிரித்தேன். வாசகர்களே, சொல்லில் பிழையில்லை. பிழை அந்தச் சிரிப்பில் இருந்தது. ஆமென்றும் சொல்லாமல் இல்லையென்றும் சொல்லாமல், பிறர் தந்த பெருமையை ஓசையின்றிப் பையில் போட்டுக்கொண்ட சிரிப்பு அது.

அந்தச் சிரிப்புக்கான விலையை வேறொருவர் வீட்டுப் பிள்ளை கொடுக்க நேர்ந்தது.

பெரம்பலூரில் இருந்தபோது என்னிடம் ஓதிய ஒரு மாணவனின் குடும்பம், தகப்பனாருக்குச் சிமெண்ட் ஆலையில் ஒப்பந்த வேலை கிடைத்ததால் அரியலூருக்குக் குடிபெயர்ந்திருந்தது. 2022-ஆம் ஆண்டில் ஒரு வெள்ளிக்கிழமை அவனுடைய பெற்றோர் புட்டியுடன் வந்தனர். பிள்ளைக்கு வயது பதினேழு. கழுத்தில் கட்டி, மாலையில் காய்ச்சல், இரவில் சட்டை நனையும் வியர்வை, உடல் மெலிவு. சோதனை முடிவையும் கொண்டு வந்திருந்தனர். 'ஹாட்ஜ்கின் லிம்போமா' என்று இருந்தது. உடனே மருந்து ஏற்ற வேண்டுமென்று மருத்துவர் கூறியிருக்கிறார். "முடி கொட்டும், உடம்பு உருக்குலையும் என்கிறார்கள் ஹஜ்ரத். உங்கள் மாமாவுக்கும் இதே லிம்போமாதானே? மருந்தில்லாமலே போய்விட்டதே" என்றார் தாய்.

நான் ஓதிக் கொடுத்தேன். "மருத்துவரையும் பாருங்கள்" என்றேன். ஆனால் எந்தக் குரலில் சொன்னேன் என்பதை நான் அறிவேன். கேட்பவர் கேட்டால் கேட்கட்டும், விட்டால் விடட்டும் என்ற குரல் அது.

நான்கு மாதம் கழிந்து, ஒரு திருமணத்திற்காக அரியலூர் சென்றவன் அவர்கள் வீட்டிற்கும் போனேன். பையன் மூன்று தலையணைகளில் சாய்ந்து அமர்ந்திருந்தான். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறதாம். என்னைக் கண்டதும் ஸலாம் சொல்ல முயன்றான். இடையில் இருமல் மறித்தது. சன்னல் மேடையில் காலிப் புட்டிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் காகிதம் ஒட்டி, என்று தொடங்கி என்று முடிந்தது எனத் தேதி எழுதி வைத்திருந்தார் தாய். "ஒரு நாள்கூட விடவில்லை ஹஜ்ரத்" என்றார்.

அந்தச் சொல்லைக் கேட்டபின் எனக்கு அங்கே அமர முடியவில்லை. மறுநாள் விடியலில் வாடகைக் கார் பிடித்துப் பையனைத் திருச்சிக்கு அழைத்துச் சென்றேன். சுண்ணாம்புக்கல் லாரிகள் புழுதி கிளப்பும் அந்தச் சாலையில், ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவன் என் கையை இறுகப் பற்றினான். துஆ ஓத வாயெடுத்தேன். முதலில் வந்தது இஸ்திஃபார்தான்.

மாமாவைப் பார்த்த அதே மருத்துவர்தான் அவனையும் சோதித்தார். நெஞ்சுக்கூட்டின் நடுவே பெருங்கட்டி வளர்ந்து மூச்சுக் குழாயை நெருக்கிக்கொண்டிருந்தது. "இடையில் வேறு ஏதாவது பொடி சாப்பிட்டானா?" என்று கேட்டார். எங்கிருந்தோ ஒருவர் கொடுத்த பொட்டலத்தைத் தின்றதும், சில வாரம் கட்டி வற்றியதும், பிறகு முன்னிலும் வேகமாக வளர்ந்ததும் அப்போதுதான் வெளிவந்தன. பெயரில்லாத பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதுண்டு என்றும், லிம்போமாக் கட்டியைச் சிலகாலம் கரைத்துக் காட்டும் தன்மை ஸ்டீராய்டுக்கு உண்டு என்றும் அவர் விளக்கினார். நோய் போகாது, போனதுபோல் தோன்றும். சோதனைக்கு முன்னரே அதைத் தின்றுவிட்டால் நோய் இன்னதென்று கண்டறிவதும் கடினமாகிவிடுமாம்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்கள்தானா அந்த ஹஜ்ரத்?" என்றார். தலை குனிந்தேன். அவர் திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். திட்டவில்லை. எதிரே அமர வைத்துப் பாடம் நடத்தினார். கலைப் பட்டம் படித்த எனக்குப் புரியும்படி அவர் சொன்னதையும், பின்னர் நான் தேடிப் படித்ததையும் உங்களுக்குச் சொல்கிறேன்.

லிம்போமா என்பது ஒரே நோயன்று. ஒரு பெரிய குடும்பத்தின் பெயர். ஒரே வீட்டில் பிறந்த அண்ணன் தம்பிகளில் ஒருவன் சாதுவாகவும் ஒருவன் முரடனாகவும் இருப்பதில்லையா? அதுபோலத்தான். மாமாவுக்கு வந்தது மெதுவாக நடக்கும் வகை. அது சில வேளைகளில் தானாகவே ஏறும், இறங்கும். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில், இத்தகைய மந்தமான லிம்போமா கண்டு, தொடக்கத்தில் மருந்து தரப்படாமல் கண்காணிக்கப்பட்ட 83 பேரைப் பற்றிய ஆய்வு 1984-இல் வெளியாயிற்று. அவர்களுள் 19 பேருக்கு, அதாவது ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு, கட்டிகள் தாமாகவே சுருங்கின. பிரிட்டனில் 309 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு உடனே மருந்து கொடுத்தும், மறு பிரிவினரைக் கண்காணித்து வேண்டியபோது மட்டும் மருந்து கொடுத்தும் பார்த்தனர். 2003-இல் வெளியான முடிவின்படி, இரு பிரிவினரின் ஆயுளிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அதனால்தான் மாமாவிடம் மருத்துவர் காத்திருக்கச் சொன்னார். கைவிரிப்பு என்று நாங்கள் எண்ணியது, உண்மையில் ஒரு சிகிச்சை முறை!

"உங்கள் மாமா மருந்தில்லாமல் இருந்தார், மருத்துவமில்லாமல் இருக்கவில்லை. மூன்று மாதத்திற்கு ஒரு முறை என் கண் பார்வையில் இருந்தார். கட்டி வளர்ந்திருந்தால் அன்றே மருந்து தொடங்கியிருப்பேன்" என்றார் மருத்துவர். மருந்தின்மைக்கும் மருத்துவமின்மைக்கும் உள்ள இந்த வேறுபாட்டை அன்றுதான் உணர்ந்தேன்.

பையனுக்கு வந்தது வேறு வகை. 1832-ஆம் ஆண்டு இலண்டன் மருத்துவர் தாமஸ் ஹாட்ஜ்கின் முதன்முதலில் விவரித்தமையால் அவர் பெயரைப் பெற்ற நோய். அந்த மனிதர் 1866-இல் பாலஸ்தீனப் பயணத்தின்போது யாஃபா நகரில் இறந்து அங்கேயே அடக்கமானார். இந்நோயை விட்டுவைத்தால் அது வளர்ந்துகொண்டே போகும். ஆனால் உரிய காலத்தில் மருந்து ஏற்றினால் பெரும்பாலோர் முற்றிலும் குணமடைகின்றனர். எந்தப் புற்றுநோயை மருந்தால் வெல்ல முடியுமோ, அதற்குத்தான் மருந்து வேண்டாமென்று நாங்கள் காத்திருந்தோம்!

"அப்படியானால் இந்த வகை தானாகக் குணமானதே கிடையாதா?" என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் 61 வயதான ஒருவருக்கு ஹாட்ஜ்கின் நோய் கண்டது. சிறுநீரகமும் செயலிழந்தவர். மருந்து தொடங்குமுன் கொரோனா தொற்றி, நுரையீரல் அழற்சியுடன் மருத்துவமனையில் சேர்ந்தார். பதினோரு நாட்களில் வீடு திரும்பினார். நான்கு மாதம் கழித்துப் பார்த்தால் கட்டிகள் பெரும்பாலும் மறைந்திருந்தன. தொற்றை எதிர்க்க எழுந்த உடலின் காவற்படை, புற்றையும் சேர்த்துத் தாக்கியிருக்கலாம் என்று மருத்துவர்கள் கருதினர். அவருக்கு ஸ்டீராய்டு கொடுக்கப்படவில்லை என்பதையும் குறித்து வைத்தனர். ஏன் என்பது இப்போது உங்களுக்கு விளங்கும். 1971-இல் ஆப்பிரிக்காவின் உகாண்டாவில், பர்க்கிட் லிம்போமா கண்ட ஒரு சிறுவனுக்கு மணல்வாரி அம்மை கண்டபின் கட்டி மறைந்த செய்தியும் பதிவாகியுள்ளது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த இங்கிலாந்துக்காரர் ஒருவருக்கு நேர்ந்ததை, 2021-ஆம் ஆண்டு ஒரு மருத்துவ இதழ் தனிச் செய்தியாகவே வெளியிட்டது. ஒருவர் குணமானது உலகச் செய்தியாகிறது என்றால், அது எவ்வளவு அரிதாக இருக்க வேண்டும்! எவர்சன், கோல் எனும் இரு அமெரிக்க மருத்துவர்கள், 1900 முதல் உலகெங்கும் பதிவான செய்திகளைச் சலித்தெடுத்து, எல்லா வகைப் புற்றுநோய்களிலும் சேர்த்து ஏற்கத்தக்கவை 176 மட்டுமே என்று 1966-இல் நூலாக வெளியிட்டனர். அதே கொரோனா எத்தனை புற்றுநோயாளிகளின் உயிரைக் கொண்டுபோயிற்று என்பதும் நாம் கண்டதுதானே? கிணற்றில் விழுந்தும் பிழைத்தவன் ஒருவன் உண்டு என்பதற்காக, யாரும் தம் பிள்ளையைக் கிணற்றில் இறக்குவதில்லை.

கல்லூரியில் வரலாறு படித்தபோது, பாரசீகத்து ரய் நகரில் பிறந்த மருத்துவ மேதை அபூபக்ர் அர்ராஸீயைப் பற்றி அறிந்தேன். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர். மூளையைத் தாக்கும் ஒரு காய்ச்சலுக்கு இரத்தம் எடுப்பது பயன் தருமா என்று அறிய, ஒரு பிரிவினருக்கு இரத்தம் எடுத்தார். மற்றொரு பிரிவினரை வேண்டுமென்றே விட்டுவைத்துப் பார்த்தார். அவர் கண்ட முடிவை இன்றைய மருத்துவம் ஏற்காது. எனினும் அவர் கேட்ட கேள்வி பழுதற்றது: இதைச் செய்யாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நம் முன்னோர் ஒருவர் கேட்ட அந்தக் கேள்வியை, என் தண்ணீரைப் பற்றி நான் ஒரு முறையேனும் கேட்டேனா? ஓதாமல் இருந்தாலும் நான்கில் ஒருவருக்கு இறங்கக்கூடிய நோய் அது என்பதை அறிய முயன்றேனா?

ஓதிப் பார்ப்பது மார்க்கத்தில் அனுமதிக்கப்பட்டது. அதை நான் விடவில்லை, விடவும் மாட்டேன். ஷிஃபா அளிப்பவன் அல்லாஹ் ஒருவனே. ஆயினும் நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளுமாறு ஏவியவர்கள் நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். ஒட்டகத்தைக் கட்டாமலே தவக்குல் வைக்கலாமா என்று கேட்டவரிடம், கட்டிவிட்டுத் தவக்குல் வைக்குமாறு சொன்னவர்களும் அவர்களே. மதரஸாவில் இந்த ஹதீஸை ஆண்டுதோறும் பிள்ளைகளுக்கு நடத்துகிறேன். அந்தப் பையனும் என்னிடம் அதை மனப்பாடமாக ஒப்பித்தவன்தான்!

முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை கைகொடுத்தது. பதினைந்து நாட்களுக்கு ஒரு முறை நான்கு மருந்துகளைச் சேர்த்து நரம்பில் ஏற்றினார்கள். முடி கொட்டிற்று, வாய் புண்ணாயிற்று, பிளஸ் டூ தேர்வு தவறிற்று. ஆறு மாதம் நீண்டது சிகிச்சை. "முதலிலேயே வந்திருந்தால் இவ்வளவு மருந்து தேவைப்பட்டிராது" என்று மருத்துவர் ஒரு முறை சொன்னார். தாய் என்னைப் பார்க்கவில்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 2023-ஆம் ஆண்டு எடுத்த ஸ்கேனில் நோய் நீங்கியிருந்தது, அல்ஹம்துலில்லாஹ். தவறிய தேர்வை எழுதித் தேறி, இப்போது பாலிடெக்னிக்கில் படிக்கிறான். தவணைப்படி சென்று காட்டியும் வருகிறான்.

இத்துடன் கதை முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேனோ என்னவோ. 2024-ஆம் ஆண்டு ஒரு நாள் இஷாவுக்குப் பின் மாமா என்னைத் தனியே அழைத்தார். "மாப்பிள்ளை, தொடை இடுக்கில் திரும்பவும் நெறி தட்டுப்படுகிறது. மருத்துவரிடம் காட்டிவிட்டேன். அதே நோய்தான். இப்போதும் மருந்து வேண்டாம், பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்" என்றார். சற்று நிறுத்தி, "வெளியே சொல்லாதே. உன் பெயர் கெட்டுவிடும்" என்றார்.

தம் நோயைப் பற்றிச் சொல்ல வந்த மனிதர் என் பெயரைப் பற்றிக் கவலைப்பட்டார்! அன்றிரவு எனக்கு உறக்கமில்லை. மந்தமான இந்த வகை மறைந்தபின் மீண்டும் தலைகாட்டுவது இயல்பே என்று மருத்துவர் முன்னரே எச்சரித்திருந்தார். ஆகவே அது யாருடைய தோல்வியும் அன்று. ஆனால் கரைந்த செய்தி ஊரெல்லாம் போயிருக்க, திரும்பிய செய்தி மட்டும் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தால், அதை நம்பி இன்னும் எத்தனை புட்டிகள் சன்னல் மேடையில் வரிசையாக நிற்கும்? மறுநாள் மாமாவிடம் சென்று, எல்லாவற்றையும் எழுதப்போவதாகச் சொன்னேன். நெடுநேரம் வெங்காய மூட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "எழுது. என் பெயரை மட்டும் போடாதே" என்றார்.

சகோதரிகளே, கழுத்திலோ அக்குளிலோ தொடை இடுக்கிலோ வலியில்லாத நெறி இரண்டு மூன்று வாரங்களாகியும் வடியாமல் இருந்தால், காரணமற்ற காய்ச்சலும் இரவு வியர்வையும் உடல் மெலிவும் சேர்ந்திருந்தால், தாமதிக்காதீர்கள். சோதனைக்கு முன் பெயர் தெரியாத பொடி எதையும் விழுங்காதீர்கள். மருத்துவர் "பொறுங்கள்" என்றால் எதற்காக என்று கேளுங்கள். "உடனே" என்றால் பக்கத்து வீட்டுக் கதையைக் கேட்டுக்கொண்டு நில்லாதீர்கள். உங்கள் நோயின் முழுப் பெயர் என்ன என்பதைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "லிம்போமா" என்ற ஒற்றைச் சொல் போதாது.

இப்போதும் மஃரிபுக்குப் பின் புட்டிகள் வருகின்றன. காய்ச்சல் என்றால் ஓதிக் கொடுக்கிறேன். பெரிய நோய் என்றால், "ரிப்போர்ட் எங்கே? மருத்துவமனைக்கு அடுத்து எப்போது போக வேண்டும்?" என்று முதலில் கேட்கிறேன். அந்தத் தேதியைப் புட்டியின் மேல் என் கையாலேயே எழுதி ஒட்டிய பின்னரே ஓதுகிறேன். இதற்காகச் சிலர் என் மீது வருத்தப்பட்டு வேறிடம் தேடிப் போனார்கள். படிக்கட்டில் கூட்டம் குறைந்திருக்கிறது.

எல்லாம் வல்ல அல்லாஹ், நோயுற்ற அனைவருக்கும் பூரண ஷிஃபாவையும், அவர்களைச் சூழ்ந்திருக்கும் நமக்கு உண்மை பேசும் நாவையும் தந்தருள்வானாக! என் மாமாவுக்காகவும் அந்த மாணவனுக்காகவும் நீங்கள் ஒரு துஆச் செய்யுங்கள். ஆமீன். வஸ்ஸலாம்.